ஒரு பழைய கொரொல்லாவும் ரிமோட் ஸ்டார்ட்டரும்

குளிர் நாட்டில் இல்லாதவர்களுக்கு இந்தத் தலைப்பே வேடிக்கையாக இருக்கும். காரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் போதாதா? எதற்காக எட்ட நின்று ஒரு பொத்தானை அமத்தி ஸ்டார்ட் செய்யவேண்டும்? சோம்பேறிகளின் விளையாட்டுச் சாமான் என்றுதான் முதலில் தோன்றும். கனடாவில் ஒரேயொரு குளிர்காலம் கழித்தவர்கள்கூட அப்படிச் சொல்லமாட்டார்கள். மைனஸ் 20 பாகையில் வெளியே நின்ற காரின் கண்ணாடியில் பனிக்கட்டி பசை போட்டது போல ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டவேண்டும். சீற் பலகை மாதிரி இருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்தால் கையுறைக்கு உள்ளேயும் சுடும் (குளிரும் சுடும் என்பது அங்கே போனால்தான் தெரியும்!).

ரிமோட் ஸ்டார்ட்டர் என்பது டாஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒரு சின்னப் பெட்டி. சாவியைத் திருப்பும்போது நடப்பதை எல்லாம் அது சாவி இல்லாமல் செய்கிறது. முதலில் இக்னிஷனுக்கு மின்சாரம் கொடுக்கும். பெற்றோல் பம்ப் அழுத்தம் ஏற்ற ஓரிரு விநாடி பொறுக்கும். பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றும். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் மோட்டாரை விட்டுவிட்டு ஹீற்றர் காற்றாடிக்கு மின்சாரம் கொடுக்கும். குறித்த நிமிடங்களுக்குள் யாரும் வந்து ஏறாவிட்டால் தானே அணைந்துவிடும்.

சொல்வதற்குச் சுலபம். ஆனால் ஒரு மனிதர் சாவியைத் திருப்பும்போது கை மட்டுமா வேலை செய்கிறது? கியர் எதில் இருக்கிறது, பொனற் மூடியிருக்கிறதா, கராஜ் கதவு திறந்திருக்கிறதா, பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று கண்ணும் காதும் பார்த்துக்கொள்கின்றன. எட்ட இருந்து ஸ்டார்ட் செய்யும்போது அந்தக் கண்ணுக்கும் காதுக்கும் பதில் யார்? பழைய காருக்கு ரிமோட் ஸ்டார்ட்டர் தெரிவு செய்வது என்றால் இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான். ரிமோட்டின் அழகும் அது எத்தனை மீற்றர் எட்டும் என்பதும் அதற்குப் பிறகு.

ஸ்காபரோவில் ஒரு அம்மாவும் மகனும் இந்த விடையைத் தேடிய கதை இது. ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்தார்கள். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அம்மாவுக்கு முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை. 11 மணிக்குத் தொடங்கினால் காலை 7 மணிக்கு முடியும். கார் 2002ஆம் ஆண்டு கொரொல்லா, ஒட்டோமற்றிக், மூன்று கை மாறி வந்தது. கதவுகளின் அடியில் துரு. ஆனால் ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது.

2013 டிசம்பர் 21, 22 திகதிகளில் ரொறன்ரோவில் பெய்த உறைமழையைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். விழுந்த மழை விழுந்த இடத்திலேயே கட்டியானது. மரக்கிளைகள் முறிந்து மின்கம்பிகளில் விழுந்து சுமார் 3 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. சிலருக்கு நத்தார் முடிந்த பிறகுதான் வெளிச்சம் வந்தது. அந்த ஞாயிறு காலை வேலை முடிந்து வந்த அம்மாவுக்குக் கார்க் கதவைத் திறக்கவே கால் மணி நேரம் பிடித்தது. கண்ணாடியைச் சுரண்ட இன்னும் அரை மணி. வீட்டுக்கு வந்து கையுறையைக் கழற்றியபோது மூன்று விரல்கள் மெழுகுதிரி மாதிரி வெள்ளையாக இருந்தன. தொட்டால் உணர்வில்லை.

குடும்ப மருத்துவர் அதற்கு ரேனோ என்று பெயர் சொன்னார். குளிர் பட்டதும் விரல்களின் சிறிய இரத்தக்குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கிக்கொள்ளும், இரத்தம் போகாது. முதல் மருந்து கையைக் குளிரில் விடாமல் இருப்பது. கேட்டுக்கொண்டு வந்த அம்மா அடுத்த நாள் இரவே வேலைக்குப் போனார். வயோதிபர்களுக்குச் சட்டைப் பொத்தான் பூட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, உடம்பு துடைப்பது எல்லாம் விரல் வேலைதானே. விரல் போனால் வேலையும் போகும், வாடகையும் போகும். அம்மா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மகனுக்குத் தெரியாமலும் இல்லை.

2014 ஜனவரி 7ஆம் திகதி குளிர் மைனஸ் 20க்கும் கீழே இறங்கியது. பியர்சன் விமான நிலையத்திலேயே கருவிகள் உறைந்து, விமானங்கள் வந்திறங்குவதைச் சில மணி நேரம் நிறுத்தினார்கள். அந்த வாரம் மகன் மடிக்கணினி வாங்கச் சேர்த்து வைத்திருந்த 450 டொலரை எண்ணிப் பார்த்தான். பிறகு இணையத்தில் ரிமோட் ஸ்டார்ட்டர் தேட ஆரம்பித்தான்.

தேடினால் தலை சுற்றும். வைப்பர், கொம்பியூஸ்டார் என்று பல பெயர்கள். ஒருவழி, இருவழி என்று இரண்டு வகை. ஒருவழி ரிமோட் கட்டளையை அனுப்புவதோடு சரி. இருவழி ரிமோட்டுக்குக் கார் திருப்பிப் பதில் அனுப்பும், “ஸ்டார்ட் ஆகிவிட்டேன்” என்று. பெட்டியில் 1000 மீற்றர், 1500 மீற்றர் என்று போட்டிருக்கும். அது வெட்டவெளியில் அளந்த கணக்கு. இடையில் இரண்டு கொங்கிறீற் சுவர் வந்தால் கணக்கு வேறு. ஒரு கடை 179 டொலருக்குப் பொருத்தியே தருவதாக விளம்பரம் போட்டிருந்தது. மகன் அந்தத் தாளோடு மாமாவிடம் போனான்.

மாமா அம்மாவின் தம்பி. கராஜ் ஒன்றில் மெக்கானிக். 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் இல்லாமல், கார்பரேற்றருக்குள் துளிப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஓட்டவைத்த தலைமுறை. ஒரு காரை ஸ்டார்ட் செய்வது சின்ன விஷயம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

“மருமோன், ரிமோட்டைப் பிறகு பாப்பம். முதல்ல காரைக் கொண்டுவா.”

முதலில் பற்றரி. ஐந்து வருடப் பழசு. இரவு முழுக்க நின்ற பிறகு 12.2 வோல்ட் காட்டியது. நன்றாகச் சார்ஜ் ஏறிய பற்றரி 12.6 காட்டவேண்டும். சுமை கொடுத்துச் சோதித்தபோது இன்னும் விழுந்தது. பற்றரியின் மேல் சி.சி.ஏ. என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். மைனஸ் 18 பாகையில் 30 விநாடிக்கு எத்தனை அம்பியர் கொடுக்கும் என்பது அதன் அர்த்தம். குளிரில் எண்ணெய் தடித்து எஞ்சின் சுற்றுவது கடினமாகும், அதே நேரம் பற்றரியின் பலமும் குறையும். சாவியோடு ஆள் உள்ளே இருந்தால் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். எட்ட இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. “வருத்தக்காரக் காருக்கு ரிமோட் மருந்தில்லை” என்று சொல்லி மாமா தன் செலவில் புதுப் பற்றரி போட்டார்.

அடுத்தது சாவி. அந்தக் கொரொல்லாவின் சாவி வெறும் இரும்புச் சாவி, உள்ளே சில்லு இல்லை. கனடாவில் 2007 செப்டெம்பரிலிருந்து புதிதாக வரும் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். சாவிக்குள் இருக்கும் சில்லைக் கார் அடையாளம் காணாவிட்டால் எஞ்சின் ஓடாது. அப்படிப்பட்ட காருக்கு ரிமோட் ஸ்டார்ட்டர் போடுவதென்றால் இன்னொரு சின்னக் கருவியும் சேர்க்கவேண்டும். சில இடங்களில் மலிவாக முடிக்க ஒரு மாற்றுச் சாவியையே டாஷ்போர்டுக்குள் மறைத்து வைத்துவிடுவார்கள். திருடனுக்கு அதைவிட வசதி வேறில்லை! இங்கே பழைய கார் என்பதே நல்லதாகப் போயிற்று, அந்தச் செலவு இல்லை.

மூன்றாவது கியர். ஒட்டோமற்றிக் என்றால், கியர் ‘பார்க்’ அல்லது ‘நியூட்ரல்’ நிலையில் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் போகாமல் தடுக்க ஒரு சுவிட்ச் இருக்கும். கையால் கியர் மாற்றும் கார் என்றால் கதை வேறு. யாரோ முதல் கியரில் விட்டுப்போன காரை ரிமோட்டால் ஸ்டார்ட் செய்தால் அது துள்ளிக்கொண்டு முன்னால் பாயும். அதற்கென்று உள்ள மாதிரிகளில் ஒவ்வொரு முறையும் எஞ்சின் ஓடும்போதே ஹாண்ட்பிரேக் இழுத்து, சாவியை எடுத்து, வெளியே வந்து கதவைப் பூட்டிய பிறகுதான் எஞ்சின் அணையும். நடுவில் ஒரு கதவு திறந்தாலும் ரிமோட் வேலை செய்யாது. அந்த வசதி இல்லாத பெட்டியை அப்படிப்பட்ட காரில் போடவே கூடாது.

இதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு மாமா கேட்ட நாலாவது கேள்விதான் மகன் எதிர்பாராதது.

“வீட்டில கார் எங்க நிக்கிறது? புகை எந்தப் பக்கம் போகுது?”

இரவில் நேராக வெளியே எடுக்க வசதி என்று அம்மா தினமும் காலையில் காரைப் பின்பக்கமாக விட்டு நிறுத்துவார். புகைக்குழாயிலிருந்து ஒரு கை தூரத்தில் பேஸ்மென்ற்றின் ஜன்னல். அந்த ஜன்னலுக்கு உட்புறம் மகனின் கட்டில். சாவி போட்டு ஸ்டார்ட் செய்தால் ஒரு நிமிடத்தில் கார் கிளம்பிவிடும். ரிமோட்டில் 15 நிமிடம் அங்கேயே நின்று புகை விடும். கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டு ஒரே குடும்பத்தில் நாலு பேர் இறந்தார்கள். அந்தக் குடும்பத்தின் பெயரால் வீடுகளில் எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்ற மாகாணச் சட்டம் 2013இல்தான் நிறைவேறியது. இவர்களின் பேஸ்மென்ற்றிலும் கருவி இருந்தது. மாமா அதைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் பூத்திருந்தது. பின்னால் அச்சடித்திருந்த காலாவதி வருடம் எப்போதோ கடந்துவிட்டது.

அன்று மூன்று முடிவுகள் எடுத்தார்கள். ஒன்று, முதலில் புதிய எச்சரிக்கைக் கருவி. இரண்டு, கார் எங்கே நின்றாலும் மூக்கு உள்ளே, வால் வெளியே. வேலையிடத்திலும் இதே விதிதான். பனி தள்ளும் வண்டி ஓரத்தில் குவித்துவிட்டுப் போகும் பனிக்குள் புகைக்குழாய் அடைபட்டால் புகை காருக்குள்ளேயே வரும். மூன்றாவது முடிவு, வீட்டில் ரிமோட்டே வேண்டாம். இரவு 10.30க்கு மகன் வெளியே போய்ச் சாவியால் ஸ்டார்ட் செய்து பனி தட்டிக் கொடுப்பான். ரிமோட் காலை 7 மணிக்கு மட்டும்.

இந்த மூன்றாவது முடிவோடு எந்த மாதிரி வாங்குவது என்ற குழப்பமும் தீர்ந்தது. அம்மா வேலை செய்வது மூன்றாம் மாடி. கார் நிற்பது கட்டடத்தின் மறுபக்கம், ஜன்னலால் பார்க்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத காருக்கு ஒருவழி ரிமோட் பிரயோசனமில்லை. ஸ்டார்ட் ஆனதா, ஆகி நின்றுவிட்டதா என்று பதில் சொல்லும் இருவழிதான் வேண்டும். ஜன்னலிலிருந்தே காரைப் பார்க்கக்கூடியவர்கள் இதற்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

மாமா எஞ்சின் வேலைக்காரர். வயர் வேலைக்கு அதற்கென்று உள்ள கடைதான் நல்லது என்றார். காற்றுப்பைக்குப் போகும் மஞ்சள் வயர்கள் ஸ்டியரிங்கைச் சுற்றித்தான் போகின்றன. வயர்களைச் சோதிக்க மல்டிமீற்றர்தான் வேண்டும். சும்மா ஒரு பல்பைக் கட்டித் தொட்டுப் பார்க்கிற இடமல்ல அது. மகன் மாமா சொல்லிக்கொடுத்த கேள்விகளோடு கடை கடையாகப் போனான். பொனற் சுவிட்ச் போடுவீர்களா? எஞ்சின் சுற்று வேகத்தைச் சொல்லும் வயரை இணைப்பீர்களா? வயர்களை ஈயம் வைத்து ஒட்டுவீர்களா, கிளிப் மாட்டி விடுவீர்களா? முடிந்ததும் எங்கள் முன்னால் சோதித்துக் காட்டுவீர்களா?

179 டொலர் கடையில், “பழைய காருக்குப் பொனற் சுவிட்ச் எல்லாம் எதற்கு?” என்றார்கள். மகன் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தான். மூன்றாவது கடையில் எல்லாவற்றுக்கும் ஆம் என்றார்கள். இருவழி மாதிரி, பொருத்துதல் எல்லாம் சேர்த்து 380 டொலர்.

ஒரு சனிக்கிழமை, நாலு மணி நேர வேலை. இக்னிஷன் வயர்க்கட்டில் மின்சாரம் வரும் வயர், இக்னிஷன், ஸ்டார்ட்டர், ஹீற்றர் வயர்கள். பிரேக் சுவிட்சிலிருந்து ஒன்று. பொனற்றுக்குக் கீழே ஒரு அமத்து சுவிட்ச். முடிந்ததும் மாமாவும் வந்து நின்றார். சோதனை ஆரம்பமானது.

ரிமோட்டில் ஸ்டார்ட் செய்து, சாவி போடாமல் பிரேக்கை மிதித்தார்கள். எஞ்சின் நின்றது. சரி. திருடன் கண்ணாடியை உடைத்து ஏறினாலும் ஓட்டிக்கொண்டு போக முடியாது. ஓட்டுநர் ஏறியதும் சாவியை ‘ஒன்’ வரை திருப்பி அதன் பிறகு பிரேக்கை மிதித்தால்தான் எஞ்சின் தொடர்ந்து ஓடும். அடுத்து, முன்னால் வெற்றிடம் விட்டு, ஹாண்ட்பிரேக் இழுத்து, கியரை ‘டி’யில் வைத்து, சாவியை அணைத்து, காலைப் பிரேக்கின் மேல் தொடாமல் தயாராக வைத்துக்கொண்டு ரிமோட்டை அமத்தினார்கள். மோட்டார் சுற்றவில்லை. அதுவும் சரி.

மூன்றாவது, எஞ்சின் ஓடும்போது பொனற்றைத் திறப்பது. உடனே நிற்கவேண்டும்.

நிற்கவில்லை.

பொனற் திறந்தபடி, பெல்ட் சுற்றியபடி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரரின் முகம் மாறிவிட்டது. காரணம் துரு. பொனற் திறக்கும்போது அந்தச் சுவிட்ச் காரின் உடம்போடு இணைந்து, “திறந்திருக்கிறது” என்று பெட்டிக்குச் சொல்லவேண்டும். பன்னிரண்டு வருடத் துருவுக்கும் பெயின்ற்றுக்கும் மேல் சுவிட்சைப் பூட்டியதால் அந்த இணைப்புக் கிடைக்கவில்லை. பெட்டியைப் பொறுத்தவரை பொனற் எப்போதும் மூடியே இருந்தது. யாராவது பொனற்றைத் திறந்து கைவைத்திருக்கும் நேரம் மூன்றாம் மாடியில் பொத்தான் அமத்துப்பட்டால்? அந்தக் காரின் பொனற்றைத் திறக்கிற ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் அப்போது பக்கத்தில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் வாதாடவில்லை. வெறும் இரும்பு தெரியும் வரை சுரண்டி, சுவிட்சை மாற்றிப் பூட்டி, கிறீஸ் தடவினார். மறுபடி ஐந்து முறை திறந்து பார்த்தார்கள். ஐந்து முறையும் எஞ்சின் நின்றது. புதிய காரில் இந்தப் பிரச்சினை அநேகமாக வராது. பழைய காரில் பெட்டி எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் அதற்குச் செய்தி போகும் வழி துருப்பிடித்த இரும்பு. அதனால் பொருத்துவதைவிடப் பொருத்திய பின் சோதிப்பதுதான் முக்கியம். அதுவும் ஒருமுறை சோதித்தால் போதாது.

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். பெற்றோலை ஊசி மூலம் செலுத்தும் எஞ்சினுக்கு 15 நிமிட உறுமல் தேவையே இல்லை. கண்ணாடி தெளிந்ததும் மெதுவாக ஓட்டினால் ஓட்டத்திலேயே சூடாகிவிடும். கடுங்குளிரில் எஞ்சினுக்கு உதவ மின்சாரத்தில் சூடாக்கும் புளொக் ஹீற்றர் இருக்கிறது, வினிபெக் பக்கம் அது சர்வசாதாரணம். ரிமோட் ஸ்டார்ட்டர் மனிதருக்காகத்தான். ரொறன்ரோ நகர விதிப்படி 60 நிமிடத்தில் 1 நிமிடத்துக்கு மேல் நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடக்கூடாது. மருத்துவக் காரணத்துக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்தால் விலக்கு உண்டு. மகன் அந்தக் கடிதத்தையும் வாங்கிக் காருக்குள் வைத்தான். ஓடும் நேரத்தை 15இலிருந்து பெட்டியில் இருந்த ஆகக் குறைந்த அளவுக்கு மாற்றச் சொன்னான். வேலையிடத்தில் இறங்கும்போதே ஹீற்றர் திருகியைக் கண்ணாடிப் பக்கம் வைத்துவிட்டு இறங்குவது அம்மாவின் வேலை. பழைய கார் என்பதால் திருகி வைத்தது வைத்தபடியே இருக்கும்.

முதல் வாரம் அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. “அது பாட்டுக்கு எங்கயாவது ஓடிப்போனா என்ன செய்யிறது மோனை?” என்று கேட்டார். பிறகு பழகிவிட்டது. அடுத்த ஆண்டு, 2015 பெப்ரவரி, அதைவிட மோசமான குளிர். அந்த மாதம் விரல்கள் இரண்டு முறைதான் வெளுத்தன. இரண்டு முறையும் பஸ்சில் போன நாட்கள்.

ஒவ்வொரு நவம்பரிலும் மாமா வந்து அந்த மூன்று சோதனைகளையும் செய்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போவார். 2017 நவம்பரில் பொனற் சுவிட்ச் மறுபடி துருப்பிடித்திருந்தது, மாற்றினார். 2018இல் கொரொல்லாவின் அடிப்பாகம் உளுத்துப்போய் அது பழைய இரும்புக்குப் போனது.

அதற்குப் பதிலாகப் பார்த்த காரில் ரிமோட் ஸ்டார்ட் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்திருந்தது. கைத்தொலைபேசியாலும் ஸ்டார்ட் செய்யலாம், வேறு நாட்டிலிருந்துகூட முடியும் என்று விற்பனையாளர் உற்சாகமாக விளக்கிக்கொண்டே போனார். அம்மா பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு மகனிடம் திரும்பினார்.

“பொனற்றைத் திறந்தா நிக்குமோ எண்டு கேள்.”

விற்பனையாளருக்குக் கேள்வியே விளங்கவில்லை. அம்மா ரிமோட்டை வாங்கி ஸ்டார்ட் செய்துவிட்டு, தானே போய்ப் பொனற்றைத் தூக்கினார். எஞ்சின் நின்றது. அதன் பிறகுதான் விலை பேச உட்கார்ந்தார்கள்.